நாலரை மணிக்கு வரும் கைகள்

கரடிச்சோலைத் தோட்டத்தில் வயசான பெண்கள் சாயங்காலம் நாலரை மணியை இன்றைக்கும் கை வர்ற நேரம் என்றுதான் சொல்வார்கள். கை வர்ற நேரத்துக்கு முன்னால துணியை எடுத்துரு, கை வர்ற நேரமாச்சு அடுப்பைப் பத்த வை என்று அவர்கள் பேசுவதைக் கேட்டுப் புதிதாக வந்த மருமகள்கள் சிரித்தால், அவர்கள் கூடச் சிரிக்காமல், அதெல்லாம் ஒரு காலம் தாயி என்று சொல்லி அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுவார்கள்.

பூவாயி அந்தத் தோட்டத்துக்கு வந்தது எழுபத்தி நாலாம் வருஷம் ஆவணி மாதம். கடல் தாண்டிப் போய் நாலு தலைமுறையாக சிலோன் மலைகளில் தேயிலைக் கொழுந்து பறித்த ஜனங்களை ரெண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டபோது, இந்தியாவுக்கு என்று ஒதுங்கிய பங்கில் பூவாயியும் அவள் அண்ணன் சடையனும் சடையனின் ரெண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். சடையனின் பெண்டாட்டி அஞ்சலை அந்தப் பங்கில் இல்லை. அவளுடைய அப்பா, அவளுக்குக் கல்யாணம் ஆகும் முன்பே, குடும்பம் மொத்தத்தையும் சிலோன் பிரஜையாகப் பதியச் சொல்லி மனுப் போட்டிருந்தார். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனதும், ரெண்டு பிள்ளை பிறந்ததும் ஊருக்கெல்லாம் தெரிந்தது, ஃபைலுக்கு மட்டும் தெரியவில்லை. ரெண்டு மாசத்தில் சரிபண்ணி அனுப்பிவிடுகிறோம் என்று கச்சேரியில், அதாவது அங்கத்திய சர்க்கார் ஆபீஸில், சொன்னார்கள்.

ஹட்டன் ஸ்டேஷனில், அழுகைக் கோச்சி என்று ஜனங்கள் பேர் வைத்திருந்த அந்த ரயிலில், அஞ்சலை ஒன்றரை வயசு இந்திராணியை ஜன்னல் வழியாகப் பூவாயி கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் கையை எடுக்கவில்லை. ஒரு கை சின்னவளின் முதுகிலும் ஒரு கை ஏழு வயசுத் தவமணியின் பின்னலிலும் இருக்க, வண்டி நகர்ந்தது, அஞ்சலை கூடவே நடந்தாள், அப்புறம் ஓடினாள், யாரோ அவளை இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். அவள் உடம்பு பின்னால் போய்விட்டதாகவும் கைகள் கொஞ்ச நேரம் தாமதித்துத்தான் அதன் பின்னாலேயே போனதாகவும் பூவாயிக்குப் பட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கண்ணீரில் எதுவும் எப்படியும் தெரியும்.

கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, பஸ் ஏறி, கோத்தகிரிக்கு மேலே மூடுபனிக்குள் இருந்த கரடிச்சோலைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது பூவாயிக்கு இருபத்திரண்டு வயசு. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாது, குழந்தை எதற்கு அழுகிறது என்று தெரியாது. காலையில் தாய்மார்கள் போல இவளும் இந்திராணியைப் பிள்ளைக் கொட்டகையில் விட்டுவிட்டு மலைக்குப் போய், மத்தியானம் ஓடி வந்து பார்த்து, மறுபடி மலைக்குப் போனாள். அண்ணன் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போய் வந்து, யாரும் சொல்லாமலே சோறாக்க ஆரம்பித்தான். அதுவரை அடுப்படிக்குள் தலை நுழைக்காத மனுஷன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் பூவாயி தவமணிக்குத் தலை வாரினாள். முகாமிலிருந்தே சேர்ந்த சிக்கு.

"அம்மா இப்படி இழுக்க மாட்டாங்க" என்று தவமணி அழுதாள்.

பூவாயி சீப்பைத் தரையில் வைத்துவிட்டு, தன் முகம் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்க அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். திரும்ப அவள் பார்த்தபோது ஜன்னல் வழியாக ரெண்டு கைகள் வந்து சீப்பை எடுத்திருந்தன. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல் வரைதான் இருந்தது, அதற்கு மேலே ஒன்றும் இல்லை. ரத்தம் இல்லை, வெட்டு இல்லை, ரவிக்கையின் கை முடிகிற மாதிரி அதுபாட்டுக்கு முடிந்திருந்தது. நகத்தில் கொழுந்துக் கறை. மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரில் அப்போதுதான் கழுவிய ஈரம். இடது சுண்டுவிரல், அஞ்சலைக்குக் கதவிடுக்கில் மாட்டி வளைந்துபோன அதே விரல். அது சிக்கை நுனியிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு மேலே ஏற, தவமணி அழுகையை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வந்தவர்களை வா என்று கேட்காமல் இருக்கக் கூடாது. "வாங்க மதினி" என்றாள் பூவாயி. "தண்ணி குடிக்கிறீங்களா" என்றும் கேட்டுவிட்டு, கேட்டதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கைகள் பெரியவளுக்குப் பின்னி முடித்து, சின்னவளைத் தூக்கி முதுகைத் தட்டி, கால் விரல் பத்தையும் தொட்டுப் பார்த்து, ஐந்து மணிச் சங்கு ஊதும்போது வந்த வழியே போயின. மறுநாள் நாலரைக்கு மறுபடி வந்தன.

ஒரு வாரத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. லயம் என்பது பத்து வீடும் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்ட வரிசை, ஒரு வீட்டில் தும்மினால் பத்தாம் வீட்டில் நூறாயுசு சொல்வார்கள். முதலில் எட்டிப் பார்த்த அடுத்த வீட்டுக் காத்தாயி, பயப்படவில்லை, தாய்க்காரி கை வராம வேற யாரு கை வரும் என்றுதான் சொன்னாள். அங்கே எல்லோருக்கும் அக்கரையில் யாரோ ஒருவர் நின்றுபோயிருந்தார்கள், ஒருவருக்கு அப்பா, ஒருவருக்கு அக்கா, காத்தாயிக்குத் தலைப்பிள்ளை. மேஸ்திரி மட்டும் ஒரு நாள் வந்து வாசலில் நின்று, பேரேட்டில் பேர் இல்லாத கை தோட்டத்துச் செடியில் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் நின்று, தன் மகள் தலையில் பேன் மொய்க்கிறது, அம்மா இல்லாத பிள்ளை, நாளைக்கு அனுப்பலாமா என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மறுநாள் அந்தப் பெண்ணும் வரிசையில் உட்கார்ந்தாள். போகப் போகத் தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அந்த அரைமணி நேரத்தில் பூவாயி வீட்டில் உட்கார்ந்து எழுந்தார்கள், கைகள் அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு பின்னல் போட்டுவிட்டுத்தான் போயின.

கைகளால் எதையும் கொண்டுபோக முடியவில்லை. சீட்டு எழுதிக் கட்டிவிட்டால் சீட்டு ஜன்னலுக்குக் கீழே விழுந்து கிடந்தது. காத்தாயி மகனுக்கென்று மடித்துக் கொடுத்த முறுக்கும் அப்படியே கிடந்தது. ஆனால் வாசனை போயிற்று. அதைக் கண்டுபிடித்ததும் காத்தாயிதான். அவள் மகளுக்குப் பிள்ளை பிறந்த அன்று கைகளின் உள்ளங்கையில் வசம்பை உரசி அனுப்ப, அக்கரையில் பக்கத்து லயத்தில் இருந்த அவள் மகன் அஞ்சலையின் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு, தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருச்சு என்று மலை கேட்கச் சொன்னதாகப் பின்னால் கடிதம் வந்தது. அன்றிலிருந்து கல்யாணத்துக்குச் சந்தனம், பிறப்புக்கு வசம்பு, சாவுக்குச் சாம்பிராணி. அங்கிருந்தும் வந்தது. கைகள் ஜன்னலில் தெரிந்ததும் முதலில் யாராவது ஒருவர் குனிந்து முகர்ந்து பார்த்து, ஒன்றுமில்லை, வெறும் கொழுந்து வாசனைதான் என்று சொல்லும்வரை லயத்தில் பேச்சே இருக்காது.

அஞ்சலையின் முதல் கடிதம் தைப் பொங்கல் தாண்டி வந்தது, யாரோ எழுதிக்கொடுத்தது. "நாலரையிலிருந்து அஞ்சு வரைக்கும் எனக்குக் கை இல்லை. இங்கே எல்லாருக்கும் பழகிவிட்டது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா தேத்தண்ணியை வாயில் ஊற்றிவிடுகிறார்கள். ஈ உட்கார்ந்தால் விரட்டிவிடுகிறார்கள். திரும்பி வருகிற கையில் சின்னக்குட்டித் தலை எண்ணெய் வாசனை இருக்கும். அன்று முழுக்க நான் சோறு அள்ளித் தின்பதில்லை, கரண்டியால்தான் தின்கிறேன், கழுவினால் போய்விடும் என்று." வாத்தியார் இதை வாசித்துக் காட்டியபோது சடையன் எழுந்து வெளியே போனான். கைகள் வரும் நேரத்தில் கூச்சப்பட்டு வீட்டில் இருக்காதவன், அடுத்த நாள் இருந்தான். கைகள் பிள்ளைகளை முடித்துவிட்டு அவன் முகத்தைத் தடவின, ரெண்டு நாள் தாடி மேல் கொஞ்சம் நின்றன. பூவாயி விறகு எடுக்கப் போவதுபோல வெளியே போய்விட்டாள்.

ரெண்டு மாதம் ரெண்டு வருஷமாகி, மூன்றாகி, நாலானது. கச்சேரிக்குப் போன மனு வேறொரு கச்சேரிக்குப் போனது. இதற்குள் பூவாயி பிள்ளை வளர்க்கக் கற்றுக்கொண்டாள். இந்திராணிக்கு எந்த இருமல் எந்தக் காற்றுக்கு வரும், எந்த அழுகை பசி, எந்த அழுகை வெறும் வம்பு என்பதெல்லாம் கல்யாணமாகாத அவளுக்கு அத்துப்படி. நடக்க வைத்தது அவள், பேச வைத்தது அவள், பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தது அவள். அம்மா என்றால் இந்திராணிக்கு அந்த ரெண்டு கைகள். பூவாயிதான் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தாள், இதோ அம்மா வந்தாச்சு, அம்மாவுக்கு முத்தம் கொடு என்று. எங்க அம்மாவுக்கு மூக்குத்தி இருக்கு என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னபோது இந்திராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவுக்கு எங்கேயாவது மூக்கு இருக்குமா?

ஐந்தரை வயசில் இந்திராணிக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் விடாத காய்ச்சல். பூவாயி வேலைக்குப் போகாமல், மடியை விட்டு இறக்காமல், நெற்றித் துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம் வியர்த்து, காய்ச்சல் விட்டது. இந்திராணி கண்ணைத் திறந்து, தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்து, "நாலரை ஆயிருச்சா அத்தை? அம்மா வருவாங்களா?" என்று கேட்டாள்.

பூவாயி பிள்ளையைப் படுக்க வைத்தாள். எழுந்துபோய் ஜன்னல் பலகையைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள்.

நாலரைக்குப் பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் விரல் நுனியால், அப்புறம் முட்டியால். "காத்து" என்றாள் பூவாயி. பிள்ளைகளிடம் காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பனி ஆகாது என்றாள், லயத்துக்காரர்களிடமும் அதையே சொன்னாள், அது நியாயமாகவும் இருந்தது. மறுநாளும் தட்டியது, அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் தட்டும் சத்தம் நின்ற பிறகும் பலகையில் என்னவோ உரசிக்கொண்டே இருந்தது. பூனை நகத்தால் பிராண்டுவது போல என்று சொல்லலாம், ஆனால் பூவாயிக்குத் தெரியும், அது உள்ளங்கையால் தடவுகிற சத்தம், பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரியே மரத்தைத் தடவுகிற சத்தம். நாலாம் நாள் அவள் தாங்க முடியாமல் ஜன்னலைத் திறந்து வைத்தாள். கைகள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

சந்தனமும் வசம்பும் கொண்டு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பேன் பார்க்க வந்த பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் பூவாயிக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. "முட்டியெல்லாம் தோல் உரிந்து கை திரும்பி வந்தது. அங்கே ஏதோ இடைஞ்சல் போலிருக்கிறது. பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சாயங்காலம் கையை முந்தானையில் சுற்றிக் கட்டிக்கொள்கிறேன். பூவாயி இருக்கிறாள், எனக்குக் கவலையில்லை."

தவமணிக்கு அப்போது பதினொரு வயசு, நன்றாக எழுதுவாள். பூவாயி அவளைக் கூட்டிக்கொண்டு தண்ணித் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"எழுதும்மா. மதினிக்குப் பூவாயி எழுதிக்கிறது. ஜன்னலை அடைச்சது நான்தான்."

தவமணி பேனாவை நிறுத்தி அத்தையைப் பார்த்தாள்.

"எழுது. காத்து இல்ல, பனி இல்ல. நான்தான். அஞ்சு நாளு கண்ணு மூடாம பார்த்தேன், கண்ணைத் திறந்ததும் உங்களக் கேட்டுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு. கேட்டதுல தப்பில்ல, நான் சொல்லிக் கொடுத்ததுதான். எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அத்தை."

"கட்டியிருக்கத அவுத்து விடுங்க மதினி. வந்து என்னை ரெண்டு அடி அடிச்சாலும் சரி. அவ்வளவுதான். கீழ என் பேரைப் போடு."

தவமணி பேரைப் போட்டாள். மடித்தாள். பிறகு பெரிய மனுஷி மாதிரி அத்தையின் முந்தானையை எடுத்து அத்தையின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பதிலாகக் கடிதம் வரவில்லை. பங்குனியில் ஒரு நாலரை மணிக்குக் கைகளே வந்தன. இந்திராணி ஓடிப்போய்ச் சீப்பை நீட்டினாள். கைகள் சீப்பை வாங்கிக்கொண்டு, அவளைத் தாண்டி, தவமணியைத் தாண்டி, அடுப்பு ஓரத்தில் அடிக்குத் தயாராகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த பூவாயியிடம் வந்தன. கொண்டையை அவிழ்த்தன. சிலோனை விட்டு வந்ததிலிருந்து பூவாயி தலையை வேறொருவர் வாரியதில்லை; அவளும் பிள்ளைகளைக் கிளப்பும் அவசரத்தில் முடியை அள்ளி முடிந்ததோடு சரி. கைகள் நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறின. பூவாயிக்குத் தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. ஐந்து மணிச் சங்கு ஊதியும் கைகள் போகவில்லை, பின்னலைக் கடைசிவரை போட்டு, நாடாவைக் கட்டி, தோளில் எடுத்து முன்னால் விட்டுவிட்டுத்தான் போயின. அக்கரையில் அஞ்சலைக்குத் தேத்தண்ணி அன்றைக்கு ஆறியிருக்கும்.

அதற்குப் பின் எத்தனையோ சாயங்காலங்கள் நல்லபடியாகப் போயின. அந்தக் காலத்தைத்தான் கரடிச்சோலைப் பெண்கள் இப்போது நினைத்து நினைத்துப் பேசுகிறார்கள். பிறகு ஒரு ஆடி மாதம் கைகள் கரி பூசி வந்தன. குனிந்து முகர்ந்த காத்தாயி நிமிரவில்லை. "எரிஞ்ச வாசனை" என்றாள், "தகரமும் துணியும் எரிஞ்ச வாசனை." ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து முகர்ந்துவிட்டுப் போனார்கள். தவமணி சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவிவிட்டாள். அன்றைக்கு அவை யாருக்கும் தலை பின்னவில்லை, பிள்ளைகள் அவற்றைத் தங்கள் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் கலவரம் வந்து லயம் எரிந்ததும் அஞ்சலை தேயிலைச் செடிக்குள் ரெண்டு பகல் படுத்துக் கிடந்ததும் பிறகுதான் கடிதத்தில் வந்தது. ஒன்பது வருஷமாகக் கண் திறக்காத ஃபைல் அந்தக் கலவரத்துக்குப் பிறகு திறந்தது, அல்லது ஃபைலை யாரும் பார்க்கும் நிலையில் இல்லாதபோது அஞ்சலை கப்பல் ஏறிவிட்டாள், ரெண்டில் எது என்று அவளே சரியாகச் சொன்னதில்லை.

புரட்டாசி மழையில் ஒரு மத்தியான பஸ்ஸில் அஞ்சலை வந்து இறங்கினாள். பூவாயி தன் துணிமணியை ஒரு தகரப் பெட்டியில் முன்னாலேயே எடுத்து வைத்திருந்தாள். திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள், பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு மறுநாளே கிளம்பிவிடுவது என்று கணக்கு. ஒரு வீட்டில் எத்தனை அம்மா இருக்க முடியும்.

வந்தவளின் கைகளுக்கு அந்த வீட்டில் எல்லாம் தெரிந்திருந்தது. சீப்பு எங்கே, எண்ணெய்ப் புட்டி எங்கே, கொக்கி எந்தப் பக்கம் என்று அவை தாமாகப் போயின. கண்கள்தான் புது இடத்துக்கு வந்த கண்களாக மிரண்டு மிரண்டு பார்த்தன. தவமணி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இந்திராணிக்குப் பத்தரை வயசு. நரைத்து, கன்னம் ஒட்டிப்போய், ஒரு முகத்தோடு வந்து நின்ற அந்தப் பெண்பிள்ளையைப் பார்த்து அவள் பூவாயியின் முதுகுக்குப் பின்னால் போனாள்.

"அம்மாடி, இதுதான் உங்க அம்மா" என்றாள் பூவாயி.

"இல்ல. அம்மா நாலரைக்குத்தான் வருவாங்க. ஜன்னல்ல வருவாங்க."

சடையன் அதட்ட வாயெடுத்தான். அஞ்சலை கண்ணால் அவனை நிறுத்தினாள். நாலரை ஆனதும் மழையையும் பார்க்காமல் வெளியே போய், லயத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, சுவரோடு ஒட்டி நின்று, ஜன்னலுக்குள் ரெண்டு கைகளையும் நீட்டினாள். இந்திராணி உடனே ஓடிவந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாளும் அப்படியே நடந்தது, அதற்கு மறுநாளும். லயத்துக்காரர்கள் அந்த வழியாகப் போகும்போது, சுவரில் கன்னத்தை அழுத்தி நின்று உள்ளே இருக்கிற பிள்ளைக்குத் தலை பின்னும் அஞ்சலையைப் பார்த்து, வேலையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பூவாயி கிளம்பவில்லை. பிள்ளை முகம் கொடுக்காமல் இருக்கும்போது எப்படிப் போவது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள்.

நாலாம் நாள் மழை கனத்தது. பூவாயி குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் அஞ்சலைக்குப் பிடித்தாள். ரெண்டு பேரும் ஒரே குடைக்குள் ஒட்டி நின்றார்கள். அஞ்சலையின் கைகள் உள்ளே சிக்கெடுத்துக்கொண்டிருந்தன.

"பூவு" என்றாள் அஞ்சலை.

"சொல்லுங்க மதினி."

"கைக்கு எல்லாம் தெரியும். மொதப் பல்லு விழுந்தது தெரியும், காலு நீண்டது தெரியும், எப்ப சதை போட்டுச்சு, எப்ப இளைச்சுதுன்னு தெரியும். ஆனா கண்ணு ஒண்ணும் பார்க்கலையே. நடக்கிறப்ப எப்படி இருந்தா?"

பூவாயி மழையைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"கால அகட்டி வச்சு நடப்பா. தோட்டத்து டாக்டர் மாதிரி. விழுந்தா அழமாட்டா, யாரு தள்ளிவிட்டதுன்னு திரும்பிப் பார்ப்பா."

"அப்புறம்?"

"மூணு வயசுல ஒரு பூனைக்குட்டியத் தூக்கிட்டு வந்துட்டா. அதுக்குப் பிள்ளைக் கொட்டகையில பேர் பதியணும்னு ஆயாகிட்ட ஒரே சண்டை."

"அப்புறம்?"

"நின்னுகிட்டேவா மதினி கேப்பீங்க? ஒன்பது வருஷம் இருக்கு."

"நான் எங்க போகப் போறேன்? நீ எங்க போகப் போறே? சொல்லு."

பூவாயி குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். நாலு வயசில் தானே தலைக்குச் சீயக்காய் போட்டுக்கொண்ட கதையைச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் உட்கார மாட்டேன் என்று வாசற்படியைக் கட்டிப் பிடித்துக்கொண்ட கதையைச் சொன்னாள், அப்போது என்ன பாவாடை, எந்தக் கன்னத்தில் மை என்று அஞ்சலை ஒவ்வொன்றாகக் கேட்டாள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கைகள் அங்கே பின்னுவதை மறந்து சும்மா நின்றன.

"அப்பப் பச்சைப் பாவாடைதான் போட்டிருந்தா" என்றாள் பூவாயி.

"பச்சை இல்ல அத்தை, ஊதா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பச்சைதான். எனக்குத் தெரியாதா."

"ஊதா. பச்சை கிழிஞ்சு போச்சு." குரல் ஜன்னல் பக்கம் திரும்பியது. "இத்தனையும் யாரு கேக்குறா?"

பாதிப் பின்னலும் அதில் செருகியபடியே இருந்த சீப்புமாக இந்திராணி எழுந்து நின்று, ஜன்னல் கட்டையில் கையூன்றி, கேட்பது யார் என்று பார்க்கத் தலையை மழைக்குள் நீட்டினாள்.